பாட்டி பிறந்த நாட்டுக்குப் பேரன் ஆடலாமா? ரக்பி தகுதி விதி எப்படி இயங்குகிறது?

மயிலாப்பூரில் பாட்டி இருக்கிறார். மகள் சிட்னியில். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரனுக்குப் பதினெட்டு வயது, ரக்பி நன்றாக ஆடுகிறான். மயிலாப்பூரில் மட்டும் இல்லை, அடையாறிலும் தி.நகரிலும் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான் இருக்கும். டிசம்பர் கச்சேரி சீசனுக்கு ஊருக்கு வந்த அந்தப் பையன், "நான் இந்தியாவுக்கு ஆட முடியுமா பாட்டி?" என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

ரக்பியின் உலக விதிப்புத்தகம் 'முடியும்' என்கிறது. இந்திய அரசு 'முடியாது' என்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? அதைத்தான் இங்கே படிப்படியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். ரக்பி பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் ஆட்டம். ரக்பியில் இரண்டு குடும்பங்கள் உண்டு. 1895-ல் வட இங்கிலாந்துக் கிளப்புகள், ஆடுவதற்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிகளுக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டன. தலைமை மறுத்தது, குடும்பம் பிரிந்தது. பழைய வீட்டில் ஒரு அணிக்குப் பதினைந்து பேர். அது ரக்பி யூனியன். பிரிந்து போன வீட்டில் பதின்மூன்று பேர். அது ரக்பி லீக். 2025 ஜூனில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை வென்ற 'சென்னை புல்ஸ்' ஆடியது யூனியனின் குறுவடிவம், ஏழு பேர் ஆடும் செவன்ஸ்.

தகுதி விதி எப்படி ஒரு விளையாட்டையே மாற்றும் என்று பார்க்க ரக்பி லீக்கைப் போல நல்ல இடம் வேறு இல்லை. 1954 முதல் 2022 வரை அதில் 16 உலகக் கோப்பைகள் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 12 முறை, கிரேட் பிரிட்டன் 3 முறை, நியூசிலாந்து ஒரே ஒரு முறை வென்றன. நான்காவதாக ஒரு பெயர் கோப்பையில் ஏறவே இல்லை. மூன்று வீடுகள் மட்டும் மாறி மாறி விருந்து வைத்துக்கொண்டால் ஊர் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்?

இனி சமையலறைக்குள் போவோம். ஒரு நாட்டு அணியை ஒரு பெரிய குடும்பத்தின் அடுப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விசேஷத்துக்கு அந்த அடுப்பில் கரண்டி பிடிக்கும் உரிமை யாருக்கு? இதுதான் தகுதி விதி. ரக்பி லீக்கில் அந்த அடுப்படிக்கு மூன்று வாசல்கள்.

முதல் வாசல், பிறப்பு. அந்த வீட்டில் பிறந்த பிள்ளை எந்த ஊரில் போய் வளர்ந்தாலும் உள்ளே வரலாம். இரண்டாவது வாசல், ரத்த உறவு. அப்பாவோ அம்மாவோ, இரு பக்கத்துத் தாத்தாவோ பாட்டியோ, இந்த ஆறு பேரில் யாராவது ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும். தாய்வழிப் பாட்டி மயிலாப்பூரில் பிறந்திருந்தாலும் கணக்கில் வரும். மூன்றாவது வாசல், வாழ்ந்த காலம். பிறப்பும் உறவும் இல்லாவிட்டாலும் அந்த நாட்டில் தொடர்ந்து ஐந்து வருடம் குடியிருந்தால் உரிமை வந்துவிடும். வேறு வீட்டில் பிறந்து வந்த மருமகள் சில வருடத்தில் அந்த வீட்டுக் கைப்பக்குவத்துக்கே சொந்தக்காரி ஆகிவிடுகிறாள் அல்லவா, அந்த உரிமை.

மூன்றாவது வாசலை நம் வாசகர்கள் கிரிக்கெட்டில் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் இந்தியாவின் 19 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடிய சௌரப் நேத்ராவல்கர், படிப்பு, வேலை என்று அமெரிக்கா போனார். 2024 ஜூனில் டல்லாஸில் பாகிஸ்தானுக்கு எதிராக அமெரிக்காவுக்காக சூப்பர் ஓவர் வீசி ஜெயித்துக் கொடுத்தார். கிரிக்கெட்டில் குடியிருப்புக் கணக்கு மூன்று வருடம். பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் உண்டு. சென்னையில் பிறந்து, சிறுவனாகச் சிட்னிக்குக் குடிபெயர்ந்த நிவேதன் ராதாகிருஷ்ணன், 2022-ல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். ஒரே பையனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்படிகள் திறந்திருப்பது இந்தக் காலத்தில் சர்வ சாதாரணம்.

அப்படியென்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. இரண்டு வீட்டிலும் உரிமை இருந்தால், ஒருவர் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று கரண்டி பிடிக்கலாமா? பல விளையாட்டுகளில் கூடாது. ஒரு நாட்டின் முதன்மை அணிக்கு முக்கியமான ஆட்டம் ஒன்று ஆடிவிட்டால், அந்த வீட்டோடு முடிச்சு விழுந்துவிடும்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சின்ன வீடுகளை இந்த முடிச்சுதான் பட்டினி போட்டது. எப்படியென்று பாருங்கள். டோங்கா பசிபிக் கடலில் உள்ள தீவு நாடு. மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். வேலை தேடி ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போன டோங்கா குடும்பங்களின் பிள்ளைகள் ரக்பி லீக்கில் கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்களுக்கு நியூசிலாந்தோ ஆஸ்திரேலியாவோ ஒரு வாசல், டோங்கா இன்னொரு வாசல். பெரிய வீட்டில் பணம் அதிகம், பெயரும் அதிகம். அங்கே ஒரு முறை கரண்டி பிடித்தார்கள், முடிச்சு விழுந்தது. பிறகு பெரிய வீட்டில் கூப்பிடாமல் விட்டாலும், பாட்டி வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. பெரிய அடுப்படியில் நல்ல சமையல்காரர்கள் வேலையில்லாமல் சுவரோரம் நிற்க, சின்ன அடுப்படியில் ஆளே இல்லை.

அதனால் ரக்பி லீக் தன் விதியில் ஒரு திருத்தம் செய்தது. என் கணிப்பில், அந்த விளையாட்டு தன் சர்வதேச ஆட்டத்துக்குச் செய்த மிகப் பெரிய நன்மை அதுதான். நாடுகளைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் மேல் படி. மேல் படியில் ஒருவர் ஒரே ஒரு வீட்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம்; ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர் இங்கிலாந்துக்குத் தாவ முடியாது. ஆனால் மேல் படி வீட்டில் ஆடியவர், தனக்கு உரிமையுள்ள கீழ்ப்படி வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். ஒரே உலகக் கோப்பையின் நடுவில் மட்டும் மாறக் கூடாது. இவ்வளவுதான் திருத்தம். படித்தால் இரண்டு வரி.

அந்த இரண்டு வரி என்ன செய்தது? 2017 உலகக் கோப்பை வந்தது. நியூசிலாந்தின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரான ஜேசன் டாமலோலோ, தன் பெற்றோரின் நாடான டோங்காவுக்கு ஆடப் போவதாக அறிவித்தார். ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் டோங்காவைத் தேர்ந்தெடுத்தார். நவம்பரில் ஹாமில்டன் நகரில் டோங்கா நியூசிலாந்தை 28-22 என்று அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 18-20, வெறும் இரண்டு புள்ளியில் தோற்றது. 2019-ல் ஆக்லாந்தில் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று வீழ்த்தியது. அதுவரை டோங்கா ஆஸ்திரேலியாவை வென்றதே கிடையாது.

அடுத்தது சமோவா. 2022-ல் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 6-60 என்று நொறுங்கிப் போனார்கள். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் அந்த அணியில் ஜரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன் மூவரும் இருந்தார்கள். மேற்கு சிட்னியின் பென்ரித் கிளப்புக்கும், நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கும் ஆடியவர்கள். ஆஸ்திரேலிய அடுப்படியில் அவர்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். ஒரு மாதத்துக்குள் அதே இங்கிலாந்தை, லண்டனில், அரையிறுதியில், கூடுதல் நேரத்தில் 27-26 என்று வென்றார்கள். வெற்றிப் புள்ளியை உதைத்தவர் கிரைட்டன். இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 10-30 என்று தோற்றாலும், பசிபிக் தீவு நாடு ஒன்று உலகக் கோப்பை இறுதியில் நின்றது அதுவே முதல் முறை. சமோவாவின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம்.

புதிய மைதானம் எதுவும் கட்டவில்லை. புதிதாக யாரும் பிறந்து வரவுமில்லை. ஏற்கெனவே இருந்த வீரர்கள் எந்த வீட்டில் நிற்கலாம் என்ற விதியை மட்டும் மாற்றினார்கள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கித் தள்ள முடியாது. வெளியூரில் வளர்ந்த கைகளே எல்லாவற்றையும் சமைத்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்போது சமையல் கற்பார்கள்? 2000 உலகக் கோப்பைக்கு வந்த லெபனான் அணியில் பெரும்பாலோர் சிட்னியில் பிறந்து வளர்ந்தவர்கள். 'இது லெபனான் அணியா, சிட்னி அணியா' என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனால் அந்த அணி ஆடிய பிறகுதான் லெபனானுக்குள்ளேயே ஆட்டம் வேர் பிடித்தது. 2017-ல் லெபனான் காலிறுதி வரை வந்து, டோங்காவிடம் 22-24 என்று தோற்றது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பது சரியான கவலைதான். அதற்கு மருந்து, அணியில் இத்தனை பேர் உள்ளூரில் ஆடியவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணிக்கை வைப்பது. கதவையே அடைப்பது மருந்தாகாது.

கதவைத் திறந்தால் காவலும் வேண்டும். மலேசியக் கால்பந்தில் 2025-ல் நடந்தது இதற்குப் பாடம். ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்த ஏழு வீரர்களை, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டி அணியில் சேர்த்தார்கள். ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றார்கள். ஃபிஃபா மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் பிறந்தது மலேசியாவில் இல்லை. பிறப்புச் சான்றுகள் திருத்தப்பட்டிருந்தன. செப்டம்பரில் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், ஏழு பேருக்கும் தலா 12 மாதத் தடையும் விதிக்கப்பட்டன. பாட்டி பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, பாட்டியின் பிறப்புச் சான்று பேச வேண்டும்.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்திய அடுப்படியின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. பேச்சிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறோம். தனித்தனியாகப் பார்த்தால்தான் எதை யார் திறக்கலாம் என்பது புரியும்.

முதல் பூட்டு, குடியுரிமை. இதற்கு ரேஷன் கார்டை நினைத்துக்கொண்டால் போதும். பெண்ணுக்குக் கல்யாணமானால் அம்மா வீட்டுக் கார்டில் பெயரை நீக்கினால்தான் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையும் அப்படித்தான். 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். 2005-ல் வந்த ஓசிஐ அட்டை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து தங்கிப்போக உதவுகிறது. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் ஏறாது. ஓட்டும் கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடையாது.

சில உலக அமைப்புகள் பாஸ்போர்ட்டைக் கேட்கின்றன. ஃபிஃபா கேட்கிறது. ஒலிம்பிக்கும் கேட்கிறது. அங்கே பாட்டியின் பிறப்பு மட்டும் போதாது, குடியுரிமையும் வேண்டும். ரக்பி கேட்பதில்லை. லீக்கிலும் சரி, யூனியனிலும் சரி, பிறப்போ உறவோ ஐந்து வருட வாழ்வோ இருந்தால் போதும்.

இரண்டாவது பூட்டு, நாமே மாட்டிக்கொண்டது. 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம், இந்தியக் குடிமக்கள் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம் என்று முடிவெடுத்தது. உலக அமைப்பு என்ன அனுமதித்தாலும் சரி, எந்த விளையாட்டானாலும் சரி. அதன் அடி உடனே சென்னைக் குடும்பம் ஒன்றின் மேல் விழுந்தது. டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் சென்னையில் பிறந்தவர். 1974-லும் 1987-லும் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எட்டியபோது அணியின் தூண். அவருடைய மகன் பிரகாஷ் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, அப்பாவின் நாட்டுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடிவந்தார். 2008-ல் இந்தியாவுக்காகச் சானியா மிர்சாவோடு இரட்டையர் ஆட்டம் ஆடிய சுனிதா ராவும் அமெரிக்காவில் வளர்ந்தவர். இப்படிப்பட்டவர்களுக்கு அந்த முடிவோடு வழி அடைந்தது.

கால்பந்தில் இந்த இரண்டு பூட்டும் சேர்ந்து நம்மை எங்கே நிறுத்தியிருக்கின்றன என்று பார்க்கலாம். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவும் வங்கதேசமும் 0-0 என்று சமன் செய்தன. அன்று வங்கதேசத்துக்கு முதல் முறையாக ஆடியவர் ஹம்ஸா சௌத்ரி. இங்கிலாந்தில் பிறந்தவர், லெஸ்டர் சிட்டி கிளப்பில் வளர்ந்தவர், அம்மா வங்கதேசத்தவர். அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் இரண்டு கார்டிலும் அவர் பெயர் இருக்கலாம். நவம்பரில் டாக்காவில் வங்கதேசம் இந்தியாவை 1-0 என்று வென்றது. 22 ஆண்டுகளில் நமக்கு எதிராக அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதற்கு முன்பே, அக்டோபரில், கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இந்தியா இழந்திருந்தது.

இந்தப் பக்கம் வர விரும்புகிறவர் பெயர் நீக்கச் சான்றோடுதான் வர வேண்டும். இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த இசுமி அராடா ஜப்பானியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து, 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்து, மும்பையில் வேர் கொண்ட தாயின் மகனான ரயன் வில்லியம்ஸ், 2025-ல் அதே வழியில் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார். இத்தனை ஆண்டுகளில் இந்த வழியில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறந்த நாட்டின் குடியுரிமையை, அதோடு வரும் வேலை உரிமையை, திரும்பிப் போகும் உரிமையை எல்லாம் ஒரு விளையாட்டுக்காக விடச் சொல்கிறோம். முழங்கால் ஒரு முறை மடங்கினால் முடிந்துபோகும் தொழில் அது. பத்தொன்பது வயதுப் பையனிடம் அதைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

'ஓசிஐ வீரர்களை விடுங்கள்' என்று இப்போது பலர் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் கால்பந்தில் அமைச்சகம் தன் பூட்டை நாளைக்கே கழற்றினாலும் கதவு திறக்காது. ஃபிஃபா கேட்கும் பாஸ்போர்ட் ஓசிஐ அட்டையில் இல்லை. அதற்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அது விளையாட்டைத் தாண்டிய பெரிய விவாதம். ரக்பியின் கதவில் தொங்குவதோ இரண்டாவது பூட்டு மட்டும். அதைத் திறக்கச் சட்டத் திருத்தம் வேண்டாம். 2008-ல் எடுத்த முடிவை, பாஸ்போர்ட் கேட்காத விளையாட்டுகளுக்கு மட்டும் அமைச்சகம் தளர்த்தினால் போதும். ஒலிம்பிக் செவன்ஸ் வரும்போது பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் ஆடலாம்; ஆசியப் பதினைவர் போட்டிகளில் பேரன்களும் பேத்திகளும் சேர்ந்து ஆடலாம்.

இதைச் சொல்லும்போது புவனேஸ்வரத்தின் கிஸ் கல்வி நிறுவனத்தில் ரக்பி ஆடும் பழங்குடிப் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. இந்திய ரக்பியைத் தோளில் சுமந்து வந்தவர்கள் அவர்களும், பிகார், வங்காளப் பிள்ளைகளும்தான். அவர்கள் இடத்தைச் சிட்னிப் பையன்கள் மொத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே வெளியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு எண்ணிக்கை வரம்பு வேண்டும், ஒரு சீசனாவது இந்தியாவில் வந்து ஆட வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். சிட்னியில் ஆறு வயதிலிருந்து மோதி விழுந்து கற்ற ஒரு பையன், பயிற்சி மைதானத்தில் பக்கத்தில் நின்று காட்டித்தருவதை எந்தக் காணொளியும் காட்டித்தராது.

மயிலாப்பூர்ப் பாட்டியும் பேரனும் இப்போதே செய்துவைக்கக் கூடியது என்ன? முதலில் பாட்டியின் பிறப்புச் சான்று. சென்னையில் பிறந்தவர் என்றால் மாநகராட்சிப் பதிவேட்டில் தேட வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டிலேயே நடந்த பிரசவங்கள் பல பதிவாகாமலே போயிருக்கும், குழந்தையின் பெயர் இல்லாமல் தேதி மட்டும் பதிவானதும் உண்டு. அதனால் பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் என்று பிறந்த இடத்தைக் காட்டும் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு மகளின் பிறப்புச் சான்று, அதில் பாட்டியின் பெயர். பிறகு பேரனுடையது, அதில் மகளின் பெயர். மூன்றிலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலைக் குடும்பப் பெயராக மாற்றி எழுதிக்கொண்டவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

பேரனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவன் ஆடுவது யூனியன் என்றால், ஆஸ்திரேலியாவின் முதன்மை அணிக்கு ஒரு ஆட்டம் ஆடியதும் முடிச்சு விழும். ஆனால் 2022 ஜனவரி முதல் அந்த முடிச்சை ஒரே ஒரு முறை அவிழ்க்கலாம். கடைசியாக ஆடிய சர்வதேச ஆட்டத்திலிருந்து மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். மாறிப் போகும் நாட்டில் அவனோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிறந்திருக்க வேண்டும். அங்கே வாழ்ந்த காலத்தை மட்டும் காட்டி இப்படி மாற முடியாது.